தடுப்பு மூலக்கூறுகள் (செல் மறுநிரலாக்கம்)

முதிர்ந்த செல்லைக் கருநிலைக்குத் திருப்பும் ஆய்வில், மரபணுக்களுக்குத் துணையாகவோ மாற்றாகவோ பயன்படும் சிறு வேதிச் சேர்மங்கள் இவை. செல்லுக்குள் எளிதில் நுழைந்து குறிப்பிட்ட நொதியை முடக்கும். வளர்ப்பு ஊடகத்தை மாற்றினால் அந்தத் தடை நீங்கிவிடும்.

2006-இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஷின்யா யமனாகாவும் கசுதோஷி தகாஹாஷியும் ஆக்ட்4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4, சி-மிக் என்ற நான்கு மரபணுக்களை வைரஸ் வழியே செலுத்தி, சுண்டெலியின் இணைப்புத்திசுச் செல்களைக் குருத்தணுக்களாக்கினர். சி-மிக் புற்றுநோயோடு தொடர்புடையது. வைரஸோ மரபுத்தொகுதியில் எங்கு போய் ஒட்டும் என்று சொல்ல முடியாது. ஆயிரம் செல்களில் ஒன்று மாறுவதே அரிது. இந்தக் குறைகளே வேதியியலாளர்களை உள்ளே இழுத்தன.

முதல் பெரிய வெற்றி ஒரு பழைய மருந்தால் வந்தது. வலிப்பு நோய்க்குப் பல்லாண்டுகளாகக் கொடுக்கப்படும் வால்ப்ரோயிக் அமிலம், ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசிட்டைல் குழுக்களை நீக்கும் நொதியைத் தடுக்கும். அதனால் இறுகச் சுருண்ட டிஎன்ஏ தளர்ந்து, உறங்கும் மரபணுக்களைத் திறக்க வழி பிறக்கிறது. 2008-இல் ஹார்வர்டில் டக்ளஸ் மெல்டன் குழு இதைச் சேர்த்தபோது வெற்றி விகிதம் 100 மடங்குக்கு மேல் கூடியது. அதே ஆண்டு ஆஸ்டின் ஸ்மித் குழு, பிடி0325901, சிஹெச்ஐஆர்99021 ஆகிய இரு தடுப்பான்களைக் கொண்டே எலிக் குருத்தணுக்களைக் கருநிலையில் நிறுத்திவைக்கலாம் என்று காட்டியது. 2009-இல் ரெப்சாக்ஸ் என்ற சேர்மம் சாக்ஸ்2-க்கு மாற்றாக வந்தது.

ஆக்ட்4 மட்டும் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. 2013-இல்தான் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் டெங் ஹொங்குய் குழு, எந்த மரபணுவும் செலுத்தாமல் வேதிச் சேர்மங்களாலேயே எலிச் செல்களை மாற்றியது, வெற்றி 0.2 விழுக்காடு வரை. அந்தக் கலவையில் எல்லாமே தடுப்பான்கள் அல்ல. அதிலிருந்த ஃபோர்ஸ்கோலின் ஒரு நொதியைத் தூண்டுவது. சேலம் வட்டாரத்தில் பயிராகும் மருந்துக் கூர்க்கன் கிழங்கில் இருப்பதும் இதுவே.

மனிதச் செல்களில் இதைச் செய்ய 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேதிமுறையில் உருவாக்கிய இன்சுலின் சுரக்கும் செல்திட்டுகளைச் சீனாவின் தியான்ஜினில் முதல் வகை நீரிழிவு நோயாளி ஒருவருக்குப் பொருத்தியதாகவும், 75 நாட்களில் அவருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படாமல் போனது என்றும் ஆய்வாளர்கள் 2024-இல் அறிவித்தனர். அவர் ஏற்கெனவே கல்லீரல் மாற்று சிகிச்சைக்காக நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து உட்கொண்டுவந்தவர். எனவே இந்த ஒரு முடிவைப் பொது விதியாகக் கொள்வதற்கில்லை.