கடலுக்கடியில் எதிர்த்திசையில் ஓடும் ஆறு

கடல்நீர் எந்தத் திசையில் ஓடுகிறது? மேலே மிதக்கும் கட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று மாலுமிகள் நெடுங்காலம் நம்பினார்கள். பூமத்திய ரேகையில் அந்த நம்பிக்கை பொய்த்துப் போனது. அங்கே மேல்நீர் மேற்கே போய்க்கொண்டிருக்க, ஏறத்தாழ நூறு மீட்டர் ஆழத்தில் இன்னொரு பெருவெள்ளம் கிழக்கே விரைகிறது. கரை இல்லாத அந்த ஆற்றைக் கண்டறிந்து அளந்த வரலாறு, சிலாங்கூர் தோட்டப்புற மக்களுக்கும் தொடர்புடையது. சுங்கை சோவிலிருந்து பூமத்திய ரேகை நானூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில்தான் இருக்கிறது.

தூண்டில் சொன்ன செய்தி

1952ஆம் ஆண்டு. ஹவாயைத் தளமாகக் கொண்ட அமெரிக்க மீன்வள ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று, பசிபிக் கடலின் நடுவே சூரை மீனுக்காக ஆயிரங்கால் தூண்டிலை இறக்கியது. மேற்பரப்பு நீரோட்டத்தோடு தூண்டிலும் மேற்கே போயிருக்க வேண்டும். ஆனால், ஆழத்தில் தொங்கிய தூண்டில் கிழக்கே இழுத்துச் செல்லப்பட்டது! டவுன்சென்ட் குரோம்வெல் என்ற இளம் விஞ்ஞானி இதை அலட்சியப்படுத்தவில்லை. தோழர்களுடன் சேர்ந்து ஆராய்ந்து, 1954இல் உலகுக்கு அறிவித்தார். கடலாய்வுப் பயணம் ஒன்றில் சேரச் செல்லும் வழியில், 1958இல் விமான விபத்தில் அவர் மாண்டார். அதே ஆண்டு ஜான் நாஸ் என்பவர் அந்த நீரோட்டத்தை முறையாக அளந்தார். சுமார் 300 கிலோமீட்டர் அகலம்; வேகமோ சில இடங்களில் மணிக்கு 5 கிலோமீட்டருக்கும் மேல். அதற்குக் குரோம்வெல்லின் பெயரே நிலைத்தது.

இதில் ஒரு பாடமும் உண்டு. பிரிட்டிஷ் விஞ்ஞானி புக்கானன், ஆப்பிரிக்காவை ஒட்டிய கினி வளைகுடாவில் 1886ஆம் ஆண்டிலேயே இப்படியோர் அடிநீரோட்டத்தைக் கண்டு எழுதியிருந்தார். தொடர்ந்து அளப்பார் இல்லாததால் அது மறக்கப்பட்டது.

எதிர்த்திசை ஏன்?

கிழக்கிலிருந்து வீசும் காற்று மேல்நீரை மேற்கே தள்ளிக் குவிக்கிறது. மேற்கில் கடல் மட்டம் சற்றே உயர்கிறது. உயர்ந்த நீர் சரிவை நோக்கித் திரும்பி ஓடத்தானே பார்க்கும்? மேற்பரப்பில் காற்று அதைத் தடுக்கிறது. காற்றின் பிடி எட்டாத ஆழத்தில் அது தடையின்றிக் கிழக்கே பாய்கிறது. மற்ற இடங்களில் பூமியின் சுழற்சி நீரோட்டத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். பூமத்திய ரேகையில் அந்தத் திருப்பும் விசை இல்லை. அதனால்தான் அங்கே இது நேராக ஓடுகிறது.

இந்துமாக்கடலின் புதிர்

இந்துமாக்கடலில் காற்று ஆண்டு முழுதும் ஒரே திசையில் வீசுவதில்லை. பருவத்திற்குப் பருவம் மாறுகிறது. அப்படியானால் அடிநீரோட்டம் என்னவாகும்? 1959 முதல் 1965 வரை நடந்த அனைத்துலக இந்துமாக்கடல் ஆய்வுப் பயணம் இதற்கு விடை தேடியது. ஆர்கோ என்ற கப்பலில் 1962இல் சென்றவர்களுக்குத் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது தெளிவாகத் தென்படவில்லை. 1963ஆம் ஆண்டின் முற்பகுதியில் மீண்டும் போனபோது, அதே கடலில் ஓடிக்கொண்டிருந்தது. வந்து போகும் ஆறு அது!

இந்தப் பயணத்தின் பயனாக 1966இல் இந்தியாவில் தேசியக் கடலியல் நிறுவனம் பிறந்தது. மண்டபம் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தை முன்பு வழிநடத்திய என்.கே.பணிக்கர் அதன் முதல் இயக்குநரானார்.

இன்னொரு பெயரும் நினைவில் நிற்க வேண்டியது: கிளாஸ் விர்ட்கி. ஜெர்மானியரான இவர் 1954 முதல் 1957 வரை ஜகார்த்தாவில் பணியாற்றித் தென்கிழக்காசியக் கடல்களை ஆராய்ந்தவர். கப்பல்கள் தம் வழியிலிருந்து எவ்வளவு விலகின என்ற பழைய குறிப்புகளைக் கொண்டு, 1973இல் ஓர் உண்மையை வெளியிட்டார். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடையே, ஆண்டுக்கு இருமுறை, பூமத்திய ரேகையை ஒட்டி மேல்நீர் சுமத்ராவை நோக்கிக் கிழக்கே விரைகிறது. மாலத்தீவின் தென்கோடியில் ராபர்ட் நாக்ஸ் அந்த ஆண்டுகளில் கருவியை இறக்கி எடுத்த தொடர் அளவீடுகளும் இதை உறுதி செய்தன.

ஒலியால் அளக்கும் கருவி

கப்பலே நீரோட்டத்தில் நகரும்போது, அதிலிருந்து நீரின் வேகத்தை எப்படி அளப்பது? கடலடியில் கனத்த எடையை நிறுத்தி, அதிலிருந்து கம்பிவடத்தை மேலே இழுத்து மிதவையில் கட்டுகிறார்கள். அதில் பொருத்திய கருவி ஒலியை அனுப்புகிறது. நீரோடு மிதக்கும் நுண்ணுயிர்களில் பட்டு அது எதிரொலிக்கிறது. நெருங்கும் ஆம்புலன்ஸ் வண்டியின் சத்தம் விலகும்போது மாறுவதுபோல், எதிரொலியின் சுருதி மாறுவதைக் கொண்டு ஒவ்வோர் ஆழத்திலும் நீரின் வேகம் கணிக்கப்படுகிறது. பல மாதங்கள் கழித்துக் கப்பல் திரும்பி வந்து ஒலிச் சமிக்ஞை கொடுத்ததும், எடையிலிருந்து கொக்கி விடுபட்டு மிதவை மேலே வரும். இந்திய நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து பூமத்திய ரேகையில் இத்தகைய வடங்களை நிறுத்தி அளந்தது.

தோட்டத்து மழையும் கடலும்

இதனால் யாருக்கு என்ன லாபம்? கிழக்கே ஓடும் வெதுவெதுப்பான நீர் சுமத்ரா பக்கம் சேர்ந்தால் அங்கே மேகம் திரளும். அந்த ஓட்டம் நலிந்தால், ஆழத்துக் குளிர்நீர் மேலெழுந்து மழை குறையும். சாஜி, கோஸ்வாமி, விநயசந்திரன் ஆகிய இந்தியர்களும் ஜப்பானியரான யமகதாவும் இந்த ஏற்றத்தாழ்வை 1999இல் விளக்கினார்கள். 1997இல் இதுவும் எல்-நினோவும் சேர்ந்தே வந்தன. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடுகள் எரிந்தன. புகைமூட்டம் மலேசியாவைச் சூழ்ந்தது. அடுத்த ஆண்டு கிள்ளான் பள்ளத்தாக்கில் குடிநீர் பங்கிட்டுத் தரப்பட்டது. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையேல் சம்பளம் இல்லை என்று வாழ்ந்த பால்மரத் தொழிலாளர் குடும்பங்களுக்கு, வானிலை என்பது வயிற்றுப்பாடு.

கண்டுபிடிப்பதைவிடக் கடினம், விடாமல் அளப்பது. இந்துமாக்கடலில் 46 மிதவைகளுக்குத் திட்டமிட்டார்கள். மீன்பிடிப் படகுகள் சிலவற்றைச் சேதப்படுத்தின. கடற்கொள்ளையர் அச்சத்தால் மேற்குப் பகுதியில் பணி தாமதமானது. பசிபிக்கிலோ, பராமரிப்புக் கப்பல் 2012இல் நிறுத்தப்பட்டதும், ஈராண்டுக்குள் மிதவைகளிலிருந்து வந்த தகவல் பாதிக்கும் கீழே சரிந்தது. அளக்காமல் விட்ட நாளின் கணக்கைப் பிறகு எவராலும் எழுத முடியாது. புக்கானனின் கண்டுபிடிப்பு அறுபது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிய கதை மீண்டும் நடக்கக்கூடாது என்றால், கண்ணுக்குத் தெரியாத அந்த ஆற்றின்மீது எப்போதும் ஒரு கண் இருந்தாக வேண்டும்.