குழந்தையின் கண் சொன்ன சேதி

சிபிலிஸை ஆராய ஜாவாவுக்குப் போன ஜெர்மானியக் குழுவுக்குத் தலைவர் ஆல்பர்ட் நைசர். வெட்டை நோய்க் கிருமியை 1879-இல் கண்டுபிடித்தவர். அவருடன் போயிருந்த ஹால்பர்ஸ்டாட்டரும் புரோவாசெக்கும் 1907-இல் வேறொரு நோயில் கைவைத்தார்கள். டிரக்கோமா என்ற கண்நோய் கண்டவர்களின் இமையைச் சுரண்டி எடுத்ததை ஒராங்குட்டான்களின் கண்ணில் தடவினார்கள். அந்தக் கண்ணிலிருந்து எடுத்த செல்களுக்கு ஜீம்சா சாயம் ஏற்றிப் பார்த்தால், உட்கருவை ஒட்டி நீலப் பொடிக்கூட்டம். கிளமிடியா முதன்முதலில் மனிதர் பார்வைக்குச் சிக்கியது அங்கேதான்.

கண் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த நீலத்தைத் தேடி ஸ்லைடு ஸ்லைடாகப் பார்த்தவள் என்பதால் ஒன்று எனக்கு உறைக்கும்: பெண்ணின் கருப்பை வாயில் குடியிருந்த இதே கிருமியை மருத்துவம் அவளிடம் தேடிப் போய் அறியவில்லை. அவள் பெற்ற குழந்தையின் கண் காட்டிக் கொடுத்தது. பெரும்பாலான பெண்களுக்குக் கிளமிடியா தொற்றில் வலியும் இராது, வெள்ளைப்படுதலும் இராது.

லைப்சிக் மகப்பேறு மருத்துவர் கிரேடே, 1880-களில் பிறந்த குழந்தைகளின் கண்ணில் 2 சதவீத வெள்ளி நைட்ரேட் சொட்டு விடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். வெட்டைக் கிருமியால் கண் போவது வெகுவாகக் குறைந்தது. அப்படியும் சில குழந்தைகளுக்கு, பிறந்து 5 நாளிலிருந்து 2 வாரத்துக்குள் கண் வீங்கிச் சீழ் வடிந்தது. சுரண்டிப் பார்த்தால் வெட்டைக் கிருமி இல்லை; ஜாவாவில் கண்ட அதே நீலக்கூட்டம். 1910 வாக்கில் ஹேமன் முதலானோர் அதைத் தாயின் கருப்பை வாயிலும் தகப்பனின் சிறுநீர்த் தாரையிலும் கண்டார்கள்.

பார்த்தாயிற்று, வளர்க்கத்தான் முடியவில்லை. பெய்ஜிங்கில் தாங் ஃபெய்ஃபான் டிரக்கோமா கிருமியைக் கோழிமுட்டையின் மஞ்சள்கருப் பையில் வளர்த்து 1957-இல் அறிவித்தார். மறு ஆண்டு தன் கண்ணிலேயே அதை ஏற்றிச் சோதித்தார். 1959-இல் லண்டனில் ஜோன்ஸ், காலியர், ஸ்மித் மூவரும், கண்நோய் கண்ட குழந்தையின் தாயுடைய கருப்பை வாயிலிருந்தே கிருமியைப் பிரித்தெடுத்தார்கள்.

கருப்பை வாயோடு அது நிற்பதுமில்லை. கருப்பைக்குள் ஏறி, கருக்குழாய்க்குப் போகிறது. குழாயின் மறுமுனை வயிற்றறைக்குள் திறந்து கிடக்கிறது. வழிந்த கிருமி ஈரல்வரை எட்டிவிடும். ஈரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே வயலின் தந்திபோல் இழுபட்ட தழும்புகளை 1930-இல் கர்ட்டிஸ் எழுதினார். 1934-இல் ஃபிட்ஸ்-ஹியூ தொடர்ந்தார். பழி வெட்டைமேல் விழுந்தது. கிளமிடியாவுக்கு அதில் பெரும்பங்கு உண்டென்று தெளிய 1970-கள் ஆயின.

மலக்குடல் கதை அதற்கும் பிந்தியது. ஆசனவழி உறவே இல்லாத பெண்களிடமும் அங்கே கிருமி தென்படுகிறது. பக்கத்திலேயே இருக்கும் யோனியின் கசிவு வழியாகப் பரவலாம் என்கிறார்கள் சிலர். குடலே அதற்கு மறைவிடம் என்கிறார்கள் வேறு சிலர். ஒரே வேளை போடும் அசித்ரோமைசின் மலக்குடலில் அவ்வளவாகக் கேட்பதில்லை. ஏழு நாள் டாக்சிசைக்ளின் அங்கேயும் கேட்கும்; 2021-இல் அமெரிக்க வழிகாட்டுதல் அதை முதல் மருந்தாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். கர்ப்பிணிகளுக்கு மட்டும் அசித்ரோமைசின்தான்.

கண்ணுக்கொரு டாக்டர், கருப்பைக்கொரு டாக்டர், குடலுக்கொரு டாக்டர் என்று நாம் பிரித்து வைத்தது நம் வசதிக்கு. கிருமிக்கு உடம்பு முழுக்க ஒரே வீடு. துணைவரின் உடம்பு அடுத்த வீடு. அவருக்கும் சேர்த்து மருந்து எழுதாத சீட்டு, 1910-இலேயே தெரிந்ததை மறந்த சீட்டு.