கூட்டிப் பார்த்த கணக்கு

மாணவர்களே, அரசு வழக்கறிஞர் என்றதும் மன்றத்தில் முழங்கும் குரல்தான் நினைவுக்கு வரும். பெஞ்சமின் ஃபெரன்ஸ் தொடங்கியதோ நூலகத்தில். ஹார்வர்டில் சட்டம் படித்தபோது, போர்க்குற்றங்கள் பற்றி நூல் எழுதிய பேராசிரியருக்குத் தகவல் தேடிக் கொடுத்தார். எடுபிடி வேலைதானேன்னு தோணும். அதுதான் பிறகு கைகொடுத்தது.

போருக்குப் பின் நியூரம்பெர்க் வழக்குகளுக்காக அவருடைய குழு பெர்லினில் ஆவணங்களைத் தேடியது. நாஜிக் கொலைப்படைகளின் அறிக்கைகள் கிடைத்தன: எந்த ஊர், எந்த நாள், எத்தனை பேர். ஃபெரன்ஸ் கூட்டிக்கொண்டே போனார்; பத்து இலட்சம் தாண்டியதும் நிறுத்திவிட்டார். இன்னொரு வழக்கு நடத்த ஆளில்லை என்றார் மேலதிகாரி. தானே நடத்துவதாகச் சொன்னார் ஃபெரன்ஸ்.

1947இல், 27 வயதில், அதுவே அவருடைய முதல் வழக்கு. சாட்சிகளை நம்பி நிற்காமல் அந்த அறிக்கைகளையே முன்வைத்து, இரண்டே நாளில் தம் தரப்பை முடித்தார். 1948இல் 22 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

இன்று தி ஹேக் நகரிலுள்ள அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தில், வழக்குத்தொடுநர் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் இளையரும் சட்டத்தைத் தேடி, சான்றுகளை ஆராயத்தான் பழகுகிறார்கள்.

தேர்வில் 'முதன்மைச் சான்று' கேள்வி வந்தா, விளக்கத்தை மட்டும் ஒப்பிக்காதீங்க. கொன்றவர்களே எழுதிவைத்த தாள் அவர்களுக்கு எதிராகப் பேசிய இந்தக் கதையையும் எழுதுங்க.