ஆதிச்சநல்லூர்: தாழிகளோடு புதைந்த ஆயுதங்கள்

திருநெல்வேலியில் இருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் சுமார் 24 கி.மீ. தூரத்தில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். இப்போது தூத்துக்குடி மாவட்டம். இங்குள்ள பரம்பு, 114 ஏக்கர் பரப்புள்ள ஒரு பழங்கால இடுகாடு. இறந்தவர்களைப் பெரிய மண் தாழிகளில் வைத்துப் புதைத்தார்கள். அவர்களோடு சேர்த்து ஆயுதங்களையும் புதைத்தார்கள்! அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1876-இல் ஜெர்மனியைச் சேர்ந்த டாக்டர் யாகோர் முதலில் இங்கே தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டு போனார். பிறகு 1899-இல் தொடங்கி சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ அகழாய்வு செய்தார். வாள், குத்துவாள், ஈட்டி, அம்புமுனை, கோடரி என்று ஏராளமாகக் கிடைத்தன. அவர் தயாரித்த பட்டியல் 1915-இல் வெளியானது.

அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஆயுதங்கள் எல்லாமே இரும்பு. இந்த மக்களுக்கு வெண்கலமும் நன்றாகத் தெரியும். ஆனால் அதைப் பாத்திரத்துக்கும் அணிகலனுக்கும்தான் பயன்படுத்தினார்கள். இரண்டு, ஆயுதங்கள் தாழிக்கு உள்ளேயும் வெளியேயும் முனை கீழே பார்த்தபடி நின்றன. துக்கத்துக்கு வந்தவர்கள் மண்ணில் குத்தி வைத்திருக்கலாம் என்று ரீ நினைத்தார்.

அப்படியென்றால் புதைக்கப்பட்டவர்கள் எல்லாம் போர்வீரர்களா? ஈரானில் பார்த்தியர் காலக் கல்லறைகளிலும் வாள், குத்துவாள் கிடைத்திருக்கின்றன. அங்கேயும் இதே கேள்வி எழும். ஆனால் ஆதிச்சநல்லூரில் வாளோடு மண்வெட்டியும் கிடைத்திருக்கிறது. எனவே வாளை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

சரி, இவற்றின் வயது என்ன? ரீ தோண்டிய காலத்தில் கார்பன் முறையே கிடையாது. பொதுவாக இரும்பின் வயதை, அதோடு கிடைக்கும் கரி, தானியம், பானை ஓடு இவற்றை வைத்துத்தான் சொல்கிறார்கள். இடத்தை விட்டுப் பெயர்த்த வாளுக்கு அந்தத் துணை இல்லை.

பக்கத்தில் உள்ள சிவகளையில் நடந்ததைப் பாருங்கள். அங்கே தாழிகளின் உள்ளேயும் வெளியேயும் 85-க்கும் அதிகமான இரும்புப் பொருட்கள் கிடைத்தன. ஒரு தாழியில் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். இன்னொரு தாழியின் கரி கி.மு. 3345 வரை போவதாக 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. இவ்வளவு பழைய காலத்தை உறுதிசெய்ய இன்னும் சான்றுகள் வேண்டும் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அந்தச் சான்று எங்கிருந்து வரும்? இன்னும் தோண்டப்படாத தாழிகளில் இருந்துதான்.

ஆகவே நண்பர்களே, ஒரு துருப்பிடித்த வாளை விட, அது கிடந்த மண்ணுக்கு மதிப்பு அதிகம். நம் பக்கத்து ஊர்களில் உழும்போதோ, மண் அள்ளும்போதோ தாழி தட்டுப்பட்டால் யாரும் கிளறாமல் தொல்லியல் துறைக்குச் சொல்வதே நல்லது. ஆதிச்சநல்லூரில் 2023 ஆகஸ்டில் திறந்த அருங்காட்சியகத்தில், அகழாய்வுக் குழியின் மேல் கண்ணாடி போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். திருச்செந்தூர் போகிற வழியில் ஒரு முறை இறங்கிப் பாருங்கள்.