இரண்டே கோல் அடித்த லிலியன் துராம்

கால்பந்து என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கோல் அடிப்பவர்கள்தான். பீலே, மரடோனா, ஸிடேன்... பட்டியல் நீளும். தடுப்பாட்டக்காரரை யார் நினைக்கிறார்கள்? அவர் ஒழுங்காக வேலை பார்த்தால் மைதானத்தில் ஒன்றுமே நடக்காது. தப்பு செய்தால்தான் மறுநாள் பேப்பரில் பெயர் வரும்!

இதற்கு ஒரு விதிவிலக்கு, பிரான்சின் லிலியன் துராம்.

கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாடலூப்பில் 1972-ல் பிறந்தவர். ஒன்பது வயதில் பாரிஸ் பக்கம் வந்தார். பள்ளியில் சக மாணவர்கள் கேலி செய்தபோதுதான் தான் 'கறுப்பன்' என்பதே தெரிந்தது என்று பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

மொனாக்கோ, பார்மா, யுவென்டஸ், பார்சிலோனா என்று பெரிய கிளப்புகளில் ஆடினார். ஆனால் ஊருக்கெல்லாம் அவரைத் தெரியவைத்தது ஒரே ஒரு இரவு.

1998 ஜூலை 8. உலகக் கோப்பை அரையிறுதி, எதிரணி குரோஷியா. இரண்டாம் பாதி தொடங்கியதுமே சுகேர் கோல் அடித்தார். துராம் ஒருவர் பின்தங்கி நின்றதால்தான் சுகேர் ஆஃப்சைடில் சிக்காமல் தப்பினார். அடுத்த நிமிடமே துராம் முன்னேறிப் போய்ச் சமன் செய்தார். 70-வது நிமிடத்தில் இடது காலால் இன்னொன்று! பிரான்ஸ் 2-1 என வென்றது. மண்டியிட்டு, உதட்டில் விரல் வைத்து, 'இது எப்படி?' என்று யோசிப்பவர் போல உட்கார்ந்திருந்தார். நான்கு நாளில் கோப்பையும் வந்தது.

நாட்டுக்காக 142 ஆட்டங்கள் ஆடினார். 2022-ல் லோரிஸ் முந்தும்வரை பிரான்சில் அதுதான் சாதனை. அத்தனை ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் அந்த இரண்டு மட்டுமே.

அந்தப் புகழை அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். பல இனத்தவர் கலந்த அணி என்று நாடே கொண்டாடியது உண்மை. ஆனால் 2006-ல் லெ பென் என்ற அரசியல்வாதி, அணியில் கறுப்பர்கள் அதிகம் என்றார். அவருக்குப் பிரான்சின் வரலாறே தெரியவில்லை என்று துராம் பதிலடி கொடுத்தார். 2005-ல் புறநகர்களில் கலவரம் வெடித்தபோது, அங்கிருந்த இளைஞர்களை இழிவாகப் பேசிய உள்துறை அமைச்சர் சார்கோசியையும் விடவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எல்லோருக்கும் நல்லவராகவே இருந்திருக்கலாம்!

2008-ல் இதயத்தில் குறை இருப்பது தெரிந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு, இனவெறிக்கு எதிராகக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல ஓர் அறக்கட்டளை தொடங்கினார். வெறுப்பு பிறவியிலேயே வருவதல்ல, கற்றுக்கொள்வது என்பது அவர் கட்சி.

2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அவர் மகன் மார்கஸ் பிரான்சுக்காக ஆடினார். பிரான்ஸ் தோற்றது. பெனால்டியைத் தவறவிட்ட கறுப்பு வீரர்களை அன்றிரவே இணையத்தில் நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள். ஜெயித்தால் நம் பையன், தோற்றால் வந்தேறி. இந்தக் கணக்கைத்தான் துராம் இன்னும் எதிர்த்துக்கொண்டிருக்கிறார்.