மடியா? பிணியா?

திருவள்ளுவர் மடியின்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். மருந்துக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். சோர்ந்து கிடக்கும் ஒருவரை இவ்விரண்டனுள் எதன்கண் வைத்து நோக்குவது? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு மருத்துவ உலகம் நெடுங்காலம் முயன்றே விடை கண்டது. அவ்வரலாற்றைச் சுருங்கக் காண்போம்.

ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் நகரை அடுத்த இரப்பர்த் தோட்டம் ஒன்றில் என் இளமை கழிந்தது. அங்குப் பால்மரம் வெட்டிய அம்மையார் ஒருவர், ஒரு காலத்தில் தம் நிரையை எல்லார்க்கும் முன்னதாக முடித்தவர். நாளடைவில் அவர் பெரட்டுக்குப் பிந்தி வரலானார். உடல் பருத்தது, முகம் ஊதியது, குரல் கரகரத்தது, நண்பகலிலும் குளிர்கிறது என்று போர்த்திக்கொண்டார். தோட்டம் அவருக்குச் ‘சோம்பேறி’ என்று பெயர் சூட்டியது. அவரும் அதனை மறுக்கவில்லை.

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ளது தைராய்டுச் சுரப்பி. உணவிலுள்ள அயோடினைக் கொண்டு அஃது ஆக்கும் இயக்குநீரே உடலின் உழைப்பு வேகத்தை நெறிப்படுத்துகிறது. அந்நீர் குன்றினால் நெஞ்சத் துடிப்பு தளரும், உடல் குளிர் தாங்காது, மலம் கட்டும், தோல் வறளும், முடி உதிரும், நினைவு மங்கும், மகளிர்க்கு மாதவிலக்கு முறை பிறழும், குருதியில் கொழுப்பு மிகும். எண்ணெய் வற்றிய விளக்கினை மங்கி எரிகிறதே என்று பழித்துப் பயன் என்ன?

இலண்டன் மருத்துவர் வில்லியம் கல், மகளிர் சிலர் இவ்வாறு மாறுவதை 1873-இல் விளக்கினார். 1878-இல் வில்லியம் ஆர்டு இதற்கு ‘மிக்சிடீமா’ என்று பெயரிட்டார். ஆயினும் காரணம் விளங்கவில்லை. சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் தியோடோர் கோக்கர், கழுத்துக் கழலைக்காகச் சுரப்பி முழுவதையும் அகற்றப்பெற்ற தம் நோயாளர் பலர் பின்னர் மந்தமுற்றதைக் கண்டார். 1883-இல் அதனை மறையாது வெளியிட்டார். தம் கைப்பிழையைத் தாமே உரைத்த அந்நேர்மை, குறை மனத்தில் அன்று, சுரப்பியில் உள்ளது என்னும் உண்மைக்கு வழிகாட்டியது.

1891-இல் ஜார்ஜ் மர்ரே, ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றினை 46 வயதுப் பெண் ஒருவர்க்கு ஊசி வழியே செலுத்தினார். அவர் தேறி, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914-இல் எட்வர்டு கெண்டல் அவ்வியக்குநீரைப் பிரித்தெடுத்தார். 1927-இல் அது செயற்கையாகவும் ஆக்கப்பெற்றது. ஜப்பானியர் ஹாஷிமோட்டோ 1912-இல் விளக்கிய சுரப்பி அழற்சியில், உடலின் காப்பாற்றலே சுரப்பியைத் தாக்குகிறது என்பது 1956-இல் தெளிவாயிற்று.

தனி மனிதரைப் போலவே ஊர்களும் இக்குறைக்கு ஆளாவதுண்டு. மண்ணில் அயோடின் குன்றிய இமயமலைச் சாரலில் கழலை பெருகியிருந்தது. அங்குள்ள காங்கிரா பள்ளத்தாக்கில், 1956 முதல் வி. இராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் அயோடின் கலந்த உப்பை மக்களுக்கு வழங்கி ஆராய்ந்தனர். கழலை குறைந்தது. 1962-இல் இந்திய அரசு கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. நம் மலேசியாவில் சரவாக்கின் உட்பகுதிகளும் இத்துன்பத்தை அறிந்தவையே.

இயக்குநீர் இன்றிப் பிறக்கும் குழந்தையின் நிலை இவற்றினும் கொடிது. உரிய காலத்தில் மருந்து அளிக்காவிடின் அதன் மூளை வளர்ச்சி குன்றும். இழந்ததை மீட்டல் அரிது. தைராய்டு தளரும்போது அதனைத் தூண்டும் நீரை மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி மிகுதியாகச் சுரக்கும். குருதியில் அதன் அளவைக் கண்டே குறை உணரப்படுகிறது. மலேசியாவில் 1998 முதல், பிறந்த குழந்தையின் கொப்பூழ்க்கொடிக் குருதியைக் கொண்டு இச்சோதனை செய்யும் தேசியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

சோர்வு யாவும் இந்நோய் அன்று; குருதிச் சோகையும் மனத்துயரும் சோர்வு தரும். எனவே ஊகம் போதாது. மருத்துவரும் சோதனையும் வேண்டும். குறை உறுதிப்படின், நாள்தோறும் வெறும் வயிற்றில் உட்கொள்ளும் சிறு மாத்திரை வாழ்வை நேராக்கும்.

ஆசிரியப் பெருமக்களே! வகுப்பில் தூங்கி வழியும் மாணவனைக் கடியுமுன், மாணவர்களே, அடுப்படியில் அயர்ந்து அமரும் அன்னையைக் குறைகூறுமுன், ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அந்தத் தோட்டத்து அம்மையாரின் குருதியைச் சோதிக்க எவரும் நினைத்ததில்லை. பழித்தோருள் சிறுவனாக நானும் ஒருவன். அவர் பிணியுற்றவரா, சோர்வுற்றவரா என்பதை இனி எவரும் அறிய இயலாது. அறியாமலே தீர்ப்பளித்தோம் என்பது மட்டும் உறுதி.