டச்சுக் கல்லறையைத் தாண்டி

சென்னையிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போகிறவர்கள் பெரும்பாலும் ஏரியையும் மீனையும் டச்சுக் கல்லறையையும் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார்கள். கல்லறையைக் குறை சொல்வதற்கில்லை. வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள், உள்ளே 17ஆம் நூற்றாண்டுப் பெயர்கள், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பு. ஆனால் அதோடு ஊர் முடிந்துவிடுவதில்லை.

டச்சுக்காரர்கள் வந்தபோதே இங்கே போர்ச்சுகீசியர்களின் மாதா கோயில் இருந்தது. அவர்களுக்கும் முன்பிருந்தே கடல் வணிகத்தோடு வேர்விட்ட முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன. முன்னோர்கள் மக்காவிலிருந்து படகேறி வந்தவர்கள் என்பது அந்தக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. சாசனம் கேட்டால் கிடைக்காது. ஆனால் தமிழை அரபு எழுத்தில் எழுதும் அர்வி வழக்கம் இங்கே ஊன்றியிருந்ததைப் பார்த்தால், அந்தக் கதையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மனம் வராது.

எல்லோரையும் இழுத்தது துணிதான். பழவேற்காட்டுக் கட்டம் போட்ட துணிக்கும் கைக்குட்டைக்கும் கிழக்கிந்தியத் தீவுகளில் கிராக்கி இருந்தது. அதைக் கொடுத்தால் மிளகும் கிராம்பும் வாங்கலாம். 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுவே. துணியோடு வெடிமருந்தும் அடிமைகளும் இங்கிருந்து பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேறியதைச் சுற்றுலாக் கையேடுகள் அவ்வளவாகப் பேசுவதில்லை. கோட்டை இன்று முட்புதர் மூடிய மேடு.

முஸ்லிம் தெருக்களில் பனை ஓலைப் பின்னல் இன்னும் நடக்கிறது. குருத்தோலையைக் காயவைத்து, சன்னமாகக் கிழித்து, சாயத்தில் முக்கிப் பெட்டிகளாகப் பின்னுகிறார்கள் பெண்கள்.

சின்னப் பள்ளிவாசலில் இருக்கிறது நிழல் கடிகாரம். கைக்கடிகாரம் பரவாத காலத்தில் தொழுகை நேரம் காட்டியது இப்படிப்பட்ட கருவிதான். வெயில் உச்சியைத் தாண்டி நிழல் சாயத் தொடங்கினால் லுஹர் என்னும் நண்பகல் தொழுகை. உச்சிவேளை நிழலுக்கு மேல், கருவியில் நட்ட குச்சியின் உயரம் அளவுக்கு நிழல் நீண்டால் ஷாஃபி சட்ட வழியினருக்கு அஸர் என்னும் பிற்பகல் தொழுகை. ஹனஃபி வழியினர் இரு மடங்காகும்வரை பொறுப்பார்கள். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் பழவேற்காட்டுக்கு நேர் உச்சியில் வரும். அப்போது நண்பகலில் நிழலே விழாது. பார்க்க விரும்புகிறவர்கள் தொழுகை நேரம் தவிர்த்துப் போய், பள்ளிவாசலில் அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது.